பழைய காமிரா, புது மவுசு

செல்போன் விழுங்கி ஏப்பம் விட்ட குட்டி டிஜிட்டல் காமிராக்களைத் தேடி இளைய தலைமுறை அலைகிறது. பதினைந்து வயதான ஒரு காமிராவுக்கு இன்று பணம் கொடுக்கலாமா?

தில்லி சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி மார்க்கெட். மும்பை கோட்டைப் பகுதியில் போரா பஜார். கொல்கத்தாவில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய மெட்ரோ கல்லி. காமிரா வாங்குவோரும் விற்போரும் காலம் காலமாகப் பேரம் பேசி வந்த சந்துகள் இவை. கல்யாண போட்டோகிராபர்களும் பத்திரிகைக்காரர்களும் லென்ஸ் தேடி வந்த இந்த மாதிரிக் கடைகளில் சில ஆண்டுகளாக இன்னொரு ரக வாடிக்கையாளர்களும் தலைகாட்டுகிறார்கள். வயது இருபதைச் சுற்றி. தோளில் கல்லூரிப் பை. கையில் நல்ல செல்போன். கேட்பதோ, அவர்கள் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் விற்ற சரக்கு: சோனி சைபர்ஷாட், கேனன் இக்ஸஸ், நிக்கான் கூல்பிக்ஸ்.

சந்துக்குள் நுழையத் தயங்குபவர்களுக்காக இன்ஸ்டாகிராமிலும் கடை விரிக்கப்பட்டிருக்கிறது. 'விண்டேஜ்', 'ஒய்2கே', 'சிசிடி' என்று அடைமொழிகள். ஒவ்வோர் அடைமொழிக்கும் விலை ஒரு படி ஏறுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் பழைய பேப்பர்காரரிடம் போடலாமா என்று வீடுகளில் யோசித்த பொருளுக்கு இப்போது ஆயிரக்கணக்கில் விலை.

இது வெறும் பேஷன் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பணம் பெரும்பாலும் மாணவர்களின் பணம், அல்லது முதல் சம்பளம். அதில் எடுக்கப் போகும் படங்கள் நண்பர்களோடு போகும் ஒரே சுற்றுலாவாக இருக்கலாம், அக்காவின் கல்யாணமாக இருக்கலாம். உத்தரவாதச் சீட்டும் இல்லை, உதிரி பாகமும் கிடைக்காது. அப்படி ஒரு பெட்டியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது நியாயமான கேள்வி.

சட்டைப் பையில் அடங்கும் இந்தக் காம்பாக்ட் காமிராக்கள் ஆண்ட காலம் ஒன்று உண்டு. ஜப்பானியக் காமிரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் தொழிற்சாலைகளிலிருந்து உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 10.9 கோடி, லென்ஸைக் கழற்ற முடியாத காம்பாக்ட் ரகம். இந்தியாவில் அப்போது நிக்கான் கூல்பிக்ஸுக்குப் பிரியங்கா சோப்ரா, சைபர்ஷாட்டுக்குத் தீபிகா படுகோனே, கேனனுக்குச் சச்சின் டெண்டுல்கர் என்று விளம்பரப் படையே திரண்டு நின்றது. யாஷிகா எம்எப்-2வும் ஹாட் ஷாட்டும் இருந்த நடுத்தரக் குடும்ப அலமாரிகளில் வெள்ளி நிற டிஜிட்டல் பெட்டிகள் குடியேறின. திருப்பதிக்குப் போனாலும் சிம்லாவுக்குப் போனாலும் அப்பாவின் மணிக்கட்டில் அதன் கயிறு தொங்கியது.

சரிவும் அதே வேகத்தில் வந்தது. செல்போன் காமிரா சுமாராக இருந்தவரை காம்பாக்ட் பிழைத்தது. நன்றாக ஆனதும் தேவையற்றதாயிற்று. திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போன கோடக், 2012இல் டிஜிட்டல் காமிரா தயாரிப்பை விட்டது. காஸியோ 2018இல் இந்தச் சந்தையிலிருந்து விலகியது. ஒலிம்பஸ் தன் காமிராப் பிரிவையே கைமாற்றிவிட்டது; அந்த விற்பனை 2021 ஜனவரியில் முடிந்தது. 2023இல் காம்பாக்ட் காமிராக்களின் எண்ணிக்கை சுமார் 17 லட்சம். பதின்மூன்று ஆண்டுகளில் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2024இல் அந்த எண்ணிக்கை சுமார் 19 லட்சமாக ஏறியது. சின்ன ஏற்றம்தான். ஆனாலும் செத்தது என்று எழுதி மூடிய கணக்கில் வரவு விழுந்தது தயாரிப்பாளர்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்தக் கணக்கில் வருபவை புதுக் காமிராக்கள் மட்டுமே. கைமாறும் பழையவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

என்னதான் இருக்கிறது இந்தப் பழைய பெட்டியில்? முதல் விடை, இன்றைய செல்போன் செய்யும் வேலையில் இருக்கிறது. செல்போனில் பொத்தானைத் தொடும்போது ஒரு படம் மட்டும் பதிவாவதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, நிழலில் இருப்பதை வெளிச்சமாக்கி, வெளிச்சத்தில் இருப்பதை அடக்கி, முகத்துச் சருமத்தை மெழுகி, ஒரு முடிவை நம் கண்முன் வைக்கிறது. படம் பழுதில்லாமல் இருக்கிறது. பிரச்சினையும் அதுதான். எல்லோருடைய படமும் ஒரே மாதிரி பழுதில்லாமல் இருக்கிறது.

பழைய காம்பாக்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு கிளிக், ஒரு படம். ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப் போகும், மூலை இருண்டு கிடக்கும். இரவில் பிளாஷ் அடித்தால் முகம் பளீரென்று முன்னால் வரும், பின்னணி கறுத்துப் பின்வாங்கும். பிளாஷும் வேறு ஜாதி. செல்போனில் இருப்பது எல்இடி விளக்கு. தொடர்ந்து எரியும், சோகையான வெளிச்சம் தரும். பழைய காமிராவில் இருப்பது ஸெனான் குழாய். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவான நேரம்தான் மின்னும். ஆனால் பலமாக மின்னும். ஆடிக்கொண்டிருப்பவர் ஆடிய நிலையிலேயே உறைந்து நிற்பது அதனால்தான். 2008ஆம் ஆண்டுப் பிறந்த நாள் படங்களின் அந்தச் சாயலில் பாதிக்கு மேல் இந்தப் பிளாஷின் உபயம்.

சந்தையில் இப்போது மந்திரச் சொல்லாக உலவும் 'சிசிடி' பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லு அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 2009இல் அதற்காக இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2010ஐ ஒட்டிக் காம்பாக்ட் காமிராக்கள் சிசிடியிலிருந்து சிமோஸ் என்ற சில்லுக்கு மாறத் தொடங்கின. சிமோஸ் குறைந்த மின்சாரத்தில் வேகமாக வேலை செய்யும், மங்கிய வெளிச்சத்தையும் சமாளிக்கும், வீடியோவும் நன்றாக வரும். சிசிடிதான் 'பிலிம் மாதிரி' நிறம் தரும் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சில்லின் மேல் இருக்கும் வண்ண வடிகட்டியும், அந்தக் கம்பெனி காமிராவுக்குள் வைத்த மென்பொருளும். ஒரே சிசிடியை வாங்கிப் பொருத்திய இரு கம்பெனிகளின் படங்கள் வேறு வேறு நிறத்தில் வந்ததுண்டு. எனவே சிசிடி என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

பிக்ஸல் எண்ணிக்கைக்காகக் கொடுப்பதும் வீண்தான். ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்ட் போட இரண்டே கால் மெகாபிக்ஸல் போதும். 2009ஆம் ஆண்டின் 10 மெகாபிக்ஸல் காமிராவில் எடுத்த படத்தை 12க்கு 9 அங்குலம் வரை துல்லியமாக அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. சின்னச் சில்லுக்குள் பிக்ஸல்களைத் திணிக்கத் திணிக்க இரவுப் படங்களில் புள்ளி புள்ளியாய்ப் பிசிறுகள் வரும். இதைக் கம்பெனிகளே உணர்ந்தன. கேனன் தன் ஜி10 மாடலில் 14.7 மெகாபிக்ஸல் வைத்தது. 2009இல் வந்த ஜி11இல் 10 ஆகக் குறைத்தது.

ஆக, கொடுக்கும் காசுக்குக் கிடைப்பவை மூன்று: நிஜமான பிளாஷ், நிஜமான ஜூம், செல்போன் அல்லாத ஒரு பொருள். ஜூம் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மலிவான செல்போனில் விரலை விரித்துப் பெரிதாக்கும்போது நடப்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். காம்பாக்ட்டில் லென்ஸே முன்னால் நீண்டு தூரத்தை இழுத்து வருகிறது. பள்ளி ஆண்டு விழா மேடையில் ஆடும் குழந்தையைப் பத்தாவது வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் இந்த வித்தியாசம் தெரியும். மூன்றாவது சமாசாரத்துக்கு அளவுகோல் கிடையாது. படம் எடுக்கும்போது வாட்ஸ்அப் மணி அடிக்காது. எடுத்த படத்தை உடனே யாருக்கும் அனுப்பவும் முடியாது. வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தலைமுறை தேடுவதில் அதுவும் சேர்த்தி.

இனி மறுபக்கம். பழைய எஸ்எல்ஆர் காமிரா நாற்பது ஆண்டு ஓடும் என்பதை வைத்து டிஜிட்டல் காம்பாக்ட்டை எடைபோடக் கூடாது. அது பெரிதும் இயந்திரம்; இது பெரிதும் மின்னணுப் பொருள். லென்ஸை நீட்டி மடக்குவது நகத்தளவுப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். மெரினா மணலோ ஜுஹு மணலோ ஒரு பொடி உள்ளே போனால் லென்ஸ் பாதியில் நிற்கும். பழைய கேனன் மாடல்களில் திரையில் தோன்றும் 'ஈ18' என்ற எழுத்து அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பிரசித்தம்: லென்ஸ் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம்.

நம் ஊர்த் தட்பவெப்பம் இன்னொரு எதிரி. 2005 அக்டோபரில் கேனன், நிக்கான், பியூஜிபிலிம், சோனி உள்ளிட்ட பல கம்பெனிகள் அடுத்தடுத்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. சோனி தயாரித்துப் பல கம்பெனிகளுக்கும் விற்ற சில ரகச் சிசிடிகளில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புக் கம்பிகள் விட்டுப்போகின்றன. படம் ஊதா நிறத்தில் கலங்கி வரும், அல்லது வரவே வராது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தந்தார்கள். கேனன் பவர்ஷாட் ஏ70, ஏ75, ஏ80 போன்ற, அன்று நன்றாக விற்ற மாடல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த இலவசச் சேவை முடிந்து நெடுங்காலம் ஆயிற்று. வெப்பமும் ஈரமும்தான் காரணம் என்றால், சென்னைக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வேறு விளக்கம் வேண்டாம். 2002 முதல் 2004 வரையிலான காமிரா கண்ணில் பட்டால் எச்சரிக்கை தேவை.

வாங்கியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மெமரி கார்டில். ஆரம்ப கால எஸ்டி கார்டின் உச்ச வரம்பு 2 ஜிபி. 2006இல் வந்த எஸ்டிஎச்சி ரகம் 32 ஜிபி வரை போகும். அதற்கு முந்தைய காமிராவில் இன்றைய கார்டைச் செருகினால் படிக்காது. ஒலிம்பஸும் பியூஜியும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு ஒரு தனி உலகம். தயாரிப்பு நின்றுவிட்டது, பழையதைத்தான் தேட வேண்டும். சோனியோ 2010 வரை தன் பெரும்பாலான காம்பாக்ட்டுகளில் தன் மெமரி ஸ்டிக்கைத் தவிர வேறெதையும் அனுமதிக்கவில்லை. சில சமயம் காமிராவின் விலையில் பாதி, கார்டுக்கும் கார்டு ரீடருக்கும் போய்விடும். பேரம் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பாட்டரி அடுத்த தலைவலி. காமிராவோடு வந்த லித்தியம் பாட்டரி இத்தனை ஆண்டுகளில் வலுவிழந்திருக்கும். சில உப்பிப் போய், கழற்றவே வராது. நன்றாக விற்ற மாடல்களுக்கு மாற்றுக் கம்பெனி பாட்டரிகள் கிடைக்கின்றன. அரிதான மாடல் என்றால் சிக்கல். இந்த விஷயத்தில் பென்சில் செல் போட்டு ஓடும் கேனன் பவர்ஷாட் ஏ வரிசையும் நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசையும் புத்திசாலித்தனமான தேர்வுகள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அப்படியானால் யார் வாங்கலாம்? விளையாட்டாக, நண்பர்கள் கூடும்போது எடுப்பதற்கு என்றால், 2008க்கும் 2013க்கும் இடையில் வந்த, எஸ்டிஎச்சி கார்டு ஏற்கும் சாதாரண மாடல் போதும். நாளைக்கே நின்றுபோனாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகையை மட்டும் கொடுக்கலாம். அந்தத் தொகை எது என்பது அவரவர் பாக்கெட்டைப் பொறுத்தது. ஆனால் இந்தக் கேள்வியை முன்னால் வைத்தால் பல பேரங்கள் தாமாகவே முறிந்துவிடும்.

படக்கலையைக் கற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடலாம். அவர்கள் பார்க்க வேண்டியது சில்லின் பரப்பை. கேனன் எஸ்90, எஸ்95, பானசோனிக் எல்எக்ஸ்3 ஆகியவற்றில் சில்லு சாதாரண காம்பாக்ட்டை விட ஒன்றரை மடங்கு பெரியது. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100இல் நான்கு மடங்கு. வெளிச்சத்தையும் ஷட்டர் வேகத்தையும் கையாலேயே மாற்றலாம், 'ரா' வடிவத்தில் படத்தைப் பதியலாம். பழையதாயினும் இவை இன்றும் காமிராக்கள். பேஷன் போன பிறகும் பயன்படும்.

வாங்கக் கூடாதவர்களும் உண்டு. வீடியோ முக்கியம் என்பவர்கள், பிளாஷ் அடிக்க முடியாத கோயிலிலும் அரங்கிலும் எடுக்க விரும்புபவர்கள், ஒரு முறைதான் நடக்கும் நிகழ்ச்சிக்கு ஒரே காமிராவாக நம்புபவர்கள். இவர்களுக்குக் கையிலிருக்கும் செல்போனே மேல். கல்யாணத்துக்குப் பழைய காமிராவை எடுத்துப் போகலாம். அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

புதிதாகவே வாங்கிவிடலாமே என்ற யோசனைக்கும் ஒரு சுவாரஸ்யமான பதில் இருக்கிறது. 2016இல் கேனன் வெளியிட்ட, இந்தியாவில் இக்ஸஸ் 285 எச்எஸ் என்று விற்ற மாடலின் அமெரிக்க விலை அப்போது 210 டாலர். 2025இல் அதே காமிராவை, அதே 20 மெகாபிக்ஸலும் அதே 12 மடங்கு ஜூமுமாக, சின்னச் சின்ன மாற்றங்களோடு கேனன் மறுபடி அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. விலை 380 டாலர். ஒன்பது ஆண்டில் தொழில்நுட்பம் பழசாகியும் விலை கூடியது என்றால், அந்தக் கூடுதல் பணம் ஆசைக்கான விலை. புதுக் காமிராவிலாவது உத்தரவாதம் கிடைக்கிறது. பழைய காமிராவுக்கு அதே ஆசை விலையைக் கொடுப்பவருக்கு அதுவும் இல்லை.

ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குக் காசு கொடுக்காமலே தீர்த்துக்கொள்ள ஒரு வழி பல வீடுகளில் தூங்குகிறது. 2010இல் உலகத்துக்கே 10 கோடிக்கு மேல் விற்ற பொருள் அது. பீரோவின் மேல்தட்டிலோ பரணில் கிடக்கும் சூட்கேஸிலோ தேடினால் ஒன்று அகப்படக்கூடும். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் செலவழித்து ஒரு பாட்டரி வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். ஓடினால் லாபம். ஓடாவிட்டாலும் உள்ளே ஒரு கார்டு இருக்கும். அதில் யாரும் பிரதி எடுத்து வைக்காத சில முகங்கள் இருக்கும். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதவை அவை.

கடையிலேயே பத்து நிமிடம்

லென்ஸ்: காமிராவை ஐந்தாறு முறை அணைத்துப் போடுங்கள். லென்ஸ் தயங்காமல், கரகரக்காமல் வெளிவந்து உள்ளே போக வேண்டும். ஜூமை இரு எல்லைக்கும் ஓட்டுங்கள். டார்ச் வெளிச்சத்தில் லென்ஸுக்குள் பாருங்கள்; சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. வேண்டாம்.

சில்லு: வெள்ளைச் சுவரையும் ஆகாயத்தையும் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்குங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கரும்புள்ளி வந்தால் உள்ளே தூசி. ஊதாக் கோடுகள் தெரிந்தால் சில்லு போய்விட்டது.

பிளாஷ்: தொடர்ந்து பத்து முறை அடித்துப் பாருங்கள். பிளாஷுக்கான மின்தேக்கியில் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பழுதானால் வீட்டில் திருகாணியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

பாட்டரி அறை: மூடி உடையாமல் பூட்ட வேண்டும். உள்ளே பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருந்தால் பழைய செல் ஒழுகியிருக்கிறது.

கடிகாரம்: தேதியையும் நேரத்தையும் வைத்து, பாட்டரியைக் கழற்றி உடனே மாட்டுங்கள். தேதி மறந்துபோனால் உள்பாட்டரி தீர்ந்துவிட்டது. படம் எடுக்கத் தடையில்லை, ஆனால் விலையைக் குறைக்கச் சொல்ல நல்ல காரணம்.

கார்டு: உங்கள் கார்டையே எடுத்துப் போங்கள். படம் எடுத்து, அதைச் செல்போனிலோ கணினியிலோ திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

போலி: புத்தம் புதிது, 48 மெகாபிக்ஸல், 4கே என்ற அறிவிப்போடு மிக மலிவாக இணையத்தில் வரும் பெயர் தெரியாத காமிராக்களில் பலவும் பொம்மைகள். சின்னச் சில்லின் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்குகின்றன. பிளாஷ் எல்இடியாக இருந்தால், நீங்கள் தேடி வந்தது அது அல்ல.

பில்: கையெழுத்துச் சீட்டானாலும் காமிராவின் வரிசை எண்ணோடு வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் அல்ல என்பதற்கு அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம். காமிராவோடு வரும் கார்டில் முந்தைய சொந்தக்காரரின் படங்கள் இருந்தால் அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையேல் அழித்துவிடுங்கள். அவை நீங்கள் வாங்கிய பொருளில் சேர்த்தி இல்லை.